ஜெபகுமார் போட்ட இரண்டாவது கோடு

திருப்பதியிலிருந்து ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டைக்குப் போகும் கம்பெனி பஸ்ஸை ஓட்டுகிறவன் நான். பெயர் புருஷோத்தமன். காலை ஐந்தே முக்காலுக்கு வண்டியை எடுத்தால் காளஹஸ்தி, நாயுடுபேட்டை என்று ஆள் ஏற்றிக்கொண்டு எட்டு மணிக்கு கேட்டில் நிற்க வேண்டும். என் சீட்டுக்கு நேர் பின்னால் ஜன்னலோர சீட்டு ஜெபகுமாருடையது. மற்றவர்கள் ஏறிய உடனே வாயைப் பிளந்து தூங்கிவிடுவார்கள். அவர் தூங்க மாட்டார். டிரைவர் கண் விழித்து ஓட்டும்போது பின்னால் இருக்கிறவன் குறட்டை விடுவது மரியாதை இல்லை என்பார். ஒன்பது வருஷமாக, இறங்கும்போது "தேங்ஸ்ணே" என்று சொல்லாமல் இறங்கியதில்லை. அந்த மனுஷனை ஒரே ஒரு வரி எழுதி மைதானத்தை விட்டுத் துரத்தியவன் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு என்னை நல்லவன் என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம்.

ஜெபகுமார் வடசென்னைக்காரர். வியாசர்பாடியில் நடக்கத் தெரிந்த பிள்ளைக்கெல்லாம் பந்து உதைக்கத் தெரியும் என்பார்கள். இவரும் லீக் ஆட்டம் வரை போனவர். இருபத்திரண்டு வயதில் முழங்கால் போய்விட்டது. ஐ.டி.ஐ. படிப்பு இருந்ததால் ஸ்ரீசிட்டியில் மெஷின் ரிப்பேர் பார்க்கும் வேலை கிடைத்தது. மனைவி கௌசிகாவோடு திருப்பதியில் வாடகை வீடு. வாரத்தில் ஆறு நாள் கம்பெனிக்கு, ஏழாவது நாள் பந்துக்கு. ரயில் பாதையை ஒட்டிய பள்ளி மைதானத்தில் சும்மா சுற்றிக்கொண்டிருந்த பெண் பிள்ளைகளைச் சேர்த்து ஒரு டீம் ஆரம்பித்தார். ஏன் சார் பெண் பிள்ளைகள் என்று ஒரு நாள் கேட்டேன்.

"பசங்களுக்கு கிரிக்கெட் கீதுண்ணே. இதுங்களுக்கு இன்னா கீது?" என்றார்.

என் மகள் பிரித்திகாவை அவர் பார்த்தது அவர் பஸ் ஏறி இறங்கும் எங்கள் ஷெட்டில். பள்ளிக்கூடம் லீவு என்று கூட்டிப் போயிருந்தேன். காலி ஆயில் டப்பா ஒன்றைச் சக்கரங்களுக்கு நடுவில் உதைத்துக்கொண்டிருந்தாள். ஜெபகுமார் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அண்ணே, பாப்பா இடது காலா?" என்று கேட்டார். எனக்கு அதில் என்ன விசேஷம் என்று தெரியவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அவள் அவருடைய டீம். ஆறு மாதத்தில் அவள் காலுக்குப் பந்து வந்தால் எதிர் டீம் பிள்ளைகள் இரண்டு அடி பின்னால் நகர ஆரம்பித்தார்கள். அதில் எனக்குத் தலைகால் புரியாத பெருமை.

ஜெபகுமாரிடம் ஒரு வழக்கம் இருந்தது. ஞாயிறு காலையில் எல்லாருக்கும் முன்னால் வந்து, மைதானத்தைச் சுற்றிச் சுண்ணாம்புப் பொடியால் கோடு போடுவார். அது எல்லா இடத்திலும் போடுவதுதான். அதை முடித்துவிட்டு ஆறு தப்படி பின்னால் போய் இன்னொரு கோடு போடுவார். அது எங்களுக்கு, பெற்றவர்களுக்கு. அந்த இரண்டாவது கோட்டுக்குப் பின்னால்தான் நாங்கள் நிற்க வேண்டும். கை தட்டலாம், எந்த டீம் நன்றாக ஆடினாலும் தட்டலாம். ரெஃப்ரியை எதுவும் கேட்கக் கூடாது. ஆட்டம் முடிந்ததும் நம் வீட்டுத் தண்ணீரை முதலில் எதிர் டீம் பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, எந்தப் பிள்ளையையும் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது.

"பேரு காதுல வுழுந்தா புள்ள பந்த பாக்காதுண்ணே, உங்களப் பாக்கும்" என்பார்.

நாங்கள் என்ன ஆடா மாடா, கோடு போட்டு நிறுத்துவதற்கு என்று எனக்கு எரிச்சலாக இருக்கும். ஒரு தடவை அடக்க முடியாமல் கோட்டைத் தாண்டி ஓடி, "பிரித்திகா, அடிடி!" என்று கத்திவிட்டேன். ஜெபகுமார் ஆட்டத்தை நிறுத்தச் சொல்லிக் கை காட்டினார். பொடி டப்பாவை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். நான் மிதித்து அழித்திருந்த இடத்தில் குனிந்து, முழங்கால் வலியோடு, கோட்டைத் திரும்பப் போட்டுவிட்டுப் போனார். நான் பின்னால் நகர்ந்தேன். பத்து பேர் முன்னால் அடி வாங்கிய அவமானம் எனக்கு. அதை நான் மறக்கவில்லை.

இன்னொரு ஆட்டத்தில் எங்கள் பெண் ஒருத்தி கையால் தள்ளிய பந்து கோலுக்குள் போய்விட்டது. ரெஃப்ரி பார்க்கவில்லை. ஜெபகுமார் தானே போய்ச் சொன்னார். கோல் போயிற்று, ஆட்டமும் போயிற்று. வீட்டுக்குத் திரும்பும் வழியில் நாங்கள் அவரை வாய்க்கு வந்தபடி ஏசினோம். பிள்ளைகள் ஏசவில்லை.

என் ஆசையையும் சொல்ல வேண்டும். என் நைனா அடுத்தவர் நிலத்தில் உழுதவர். எங்கள் ஊர் நகரிக்குப் பக்கத்தில், தமிழ்நாட்டு எல்லையிலிருந்து ஒரு மைல். பிறகு கவர்மென்ட் இரண்டு ஏக்கர் கொடுத்தது, அதில் அவர் நிலக்கடலை போட்டார், நான் ஸ்டியரிங் பிடித்தேன். எங்கள் குடும்பத்தில் யாரையும் யாரும் தேடி வந்து வா என்று கூப்பிட்டதில்லை. சித்தூரில் பதிமூன்று வயதுக்கு உட்பட்டவர்களுக்கு ஒரு போட்டி நடக்கப் போகிறது, ஸ்போர்ட்ஸ் ஹாஸ்டலுக்கு ஆள் எடுக்கிறவர்கள் வந்து பார்ப்பார்கள் என்று கேள்விப்பட்டதும் எனக்குத் தூக்கம் போயிற்று. படிப்பு, சாப்பாடு, ஷூ எல்லாம் அவர்களே. பிரித்திகாவுக்கு அந்த ஒரு இடம் கிடைக்க வேண்டும். வேறு எதுவும் என் கண்ணில் படவில்லை.

ஆனால் பிரித்திகாவுக்குப் பிறந்த நாள் இரண்டு.

தலைப்பிரசவம் தாய் வீட்டில்தானே. என் மனைவி சந்தியாவின் அம்மா வீடு எல்லைக்கு அந்தப் பக்கம். பள்ளிப்பட்டு ஆஸ்பத்திரியில் 2011 நவம்பர் ஒன்பதாம் தேதி குழந்தை பிறந்தது. அங்கேயே பதிந்தார்கள், நாங்கள் காகிதத்தை வாங்காமலே வந்துவிட்டோம். குழந்தைக்கு இரண்டு வயது ஆகப்போகிற சமயத்தில் ரேஷன் கார்டில் பெயர் ஏற்றப் போனால், ஆந்திராவில் பிறந்த சர்ட்டிபிகேட் கொண்டு வா என்றார்கள். பிறந்து ஒரு வருஷம் தாண்டியிருந்தால் அதற்கு ஆபீஸ் ஆபீஸாக அலைய வேண்டும் என்று யாரோ பயமுறுத்தினார்கள். என் நைனா யோசிக்கவே இல்லை, "போன வருஷம் அக்டோபர்" என்று எழுதி வாங்கிவிட்டார். காகிதத்தில் பதினோரு மாதக் குழந்தை, எழுதினவர் மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்று "பிஸ்கத்து குடு" என்று கேட்டது. எல்லாரும் சிரித்தோம். எங்கள் பக்கத்து ஊர்களில் இப்படி இரண்டு தேதி உள்ள பிள்ளைகள் நிறைய. பள்ளிக்கூடம், ஆதார் எல்லாம் அக்டோபர் 2012. கேக் வெட்டுவது மட்டும் நவம்பர் ஒன்பது.

போட்டிக்கு 2012 ஜனவரி ஒன்றுக்குப் பிறகு பிறந்திருக்க வேண்டும் என்றார்கள். நான் ஆந்திரா சர்ட்டிபிகேட்டை ஜெராக்ஸ் எடுத்து ஜெபகுமாரிடம் பஸ்ஸிலேயே கொடுத்தேன். அவர் அதைப் பார்த்தார். பிறகு மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அன்று சாயந்திரம் எல்லாரும் இறங்கிய பிறகு அவர் மட்டும் இறங்காமல் உட்கார்ந்திருந்தார்.

"அண்ணே, நவம்பர்ல இதே வண்டியில லட்டு குட்த்தீங்க. பாப்பாவுக்கு பதிமூணு முடிஞ்சிச்சுன்னீங்க. நானும் துன்னேன்."

"அது கவர்மென்ட்டு பேப்பரு சார். நானா எழுதிக்கினு வந்தேன்?"

"பேப்பரு சரிதாண்ணே. தேதி?"

"ரெண்டு மாசம் சார்! ரெண்டே ரெண்டு மாசம் அதிகம். இதுக்கு ஒரு பொண்ணோட வாழ்க்கையக் கெடுப்பியா நீ?"

முதல் தடவையாக அவரை 'நீ' என்றேன். அவர் அதைக் கண்டுகொள்ளவில்லை.

"எங்கியோ ஒரு பொண்ணு இதே ரெண்டு மாசத்துக்காவ வூட்ல குந்திக்கினு இருக்கும்ணே. அதுக்கு நாம இன்னா பதில் சொல்றது? அடுத்த வருசம் பதினஞ்சு வயசு டீம்ல ஆடட்டும். நானே கூட்டிக்கினு போறேன், நானே பேசறேன். இப்ப பேரு எழுத மாட்டேன்."

வீட்டில் சந்தியாவிடம் குதித்தேன். அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"அவரு சொல்றது நெசந்தான? நவம்பர்ல வலி எட்த்தது எனக்கு. உங்க நைனாவுக்கா எட்த்துது?"

அன்றைக்கே வாயை மூடிக்கொண்டிருந்தால் இந்தக் கதை எழுத வேண்டியிருக்காது. நான் மூடவில்லை. மற்ற பெற்றோர்களிடம் போய்ப் பேசினேன். பிரித்திகா இல்லாமல் சித்தூரில் ஜெயிக்க முடியாது, ஜெயிக்காவிட்டால் உங்கள் பெண்ணையும் யாரும் பார்க்க மாட்டார்கள் என்றேன். அவர்கள் தலையாட்டினார்கள், ஆனால் ஜெபகுமாரை எதிர்த்துப் பேச யாருக்கும் காரணம் கிடைக்கவில்லை. அவர் காசு வாங்குகிறவர் இல்லை, கை நீட்டுகிறவர் இல்லை, வாய் தவறி ஒரு கெட்ட வார்த்தை சொன்னவர் இல்லை. காரணம் ஒன்று வேண்டும். நான் கொடுத்தேன்.

டீமுக்கு ஒரு வாட்ஸ்அப் குரூப் உண்டு. ஆரம்பித்ததே ஜெபகுமார்தான். ஒரு சனிக்கிழமை மத்தியானம், காளஹஸ்தியில் காலி வண்டியை ஓரம் கட்டி டீ குடித்துக்கொண்டே அதில் எழுதினேன்: "ஆம்பள கோச்சு. நம்ம பொண்ணுங்க எல்லாம் பெரிய மனுஷியாகிற வயசு. நான் ஒண்ணும் சொல்லல. யோசிச்சிக்கோங்க."

நான் ஒன்றும் சொல்லவில்லையாம். அந்த வரியை எழுதி முடித்தபோது டீகூட ஆறியிருக்கவில்லை. அவர் எந்தப் பிள்ளையையும் தொட்டுப் பேசியதில்லை என்று எனக்குத் தெரியும். காலில் சுளுக்கு என்றால்கூட கௌசிகா அம்மாவைக் கூப்பிட்டுத்தான் பார்க்கச் சொல்வார். எல்லாம் தெரிந்தும் எழுதினேன். "அதெல்லாம் தப்புப்பா" என்று ஒருவராவது எழுதியிருக்கலாம். எல்லாரும் படித்தார்கள், நீல டிக் விழுந்தது. பிறகு ஒரு வரி வந்தது, ஜெபகுமார் குரூப்பை விட்டு வெளியேறினார் என்று.

மறுநாள் மைதானத்தில் கோடு இல்லை. ஒன்றும் இல்லை, இரண்டும் இல்லை. பிள்ளைகள் வந்து காத்திருந்துவிட்டுத் தாங்களாகவே ஓடினார்கள். கம்பெனியில் ஷிப்ட் மாறிவிட்டது, சார் இனிமேல் வர மாட்டார் என்று பிரித்திகாவிடம் சொன்னேன். திங்கட்கிழமை ஜெபகுமார் பஸ்ஸில் ஏறி நேராகக் கடைசி சீட்டுக்குப் போனார். இறங்கும்போது "தேங்ஸ்ணே" என்றார். அது எனக்குச் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது, ஆனாலும் எனக்கு வேண்டியது ஹாஸ்டல் சீட்.

புதுக் கோச்சாக வேதாச்சலம் வந்தார். அவரை நானே தேடிப் பிடித்தேன். தொண்டை பெரிது. சர்ட்டிபிகேட்டை வாங்கினார், தேதியைப் பார்த்தார், "பாகுந்தி", நன்றாக இருக்கிறது என்றார், அவ்வளவுதான். கோட்டுக்குப் பக்கத்தில் நின்று ஆட்டம் முழுக்கக் கத்துவார். நாங்களும் அவரோடு சேர்ந்து கத்தினோம். இத்தனை நாள் அடக்கி வைத்ததை எல்லாம் கத்தினோம். இதுதான் கோச்சு என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டோம்.

பிப்ரவரியில் சித்தூர். பைனலில் எங்களுக்கு எதிராக நகரி பக்கத்துப் பிள்ளைகள். அதில் ஏழாம் நம்பர் போட்ட ஒரு சின்னப் பெண், எலும்பும் தோலுமாக இருந்துகொண்டு எங்கள் ஆட்களை அலைக்கழித்துக்கொண்டிருந்தாள். வேதாச்சலம் கத்தினார், "காலு மீத கொட்டவே!" காலிலேயே உதை என்று அர்த்தம். எங்கள் பெண் ஒருத்தி உதைத்தாள். ஏழாம் நம்பர் சுருண்டு விழுந்தாள். ரெஃப்ரி வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் கை தட்டினோம். ஒரு குழந்தை விழுந்ததற்கு, பெற்றவர்கள் பன்னிரண்டு பேர் கை தட்டினோம்.

பந்து உருண்டு பிரித்திகாவின் காலுக்கு வந்தது. அவள் அதை எடுக்கவில்லை. குனிந்து அந்தப் பெண்ணைத் தூக்கக் கை நீட்டினாள். விழுந்தவளை முதலில் தூக்க வேண்டும் என்பது பழைய சார் சொல்லிக் கொடுத்தது. எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. எதிரே நாற்காலியில் ஹாஸ்டல் ஆட்கள் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தார்கள்.

"பிரித்திகா! அவள வுடுடி! பந்த எடு! பிரித்திகா!" தொண்டை கிழியக் கத்தினேன். நாலு தடவையோ ஐந்து தடவையோ.

அவள் என்னைப் பார்த்தாள். நீட்டிய கையை இழுத்துக்கொண்டாள். பந்தை எடுத்துப் போய் இடது காலால் அடித்தாள். கோல். கடைசியில் ஒன்றுக்குப் பூஜ்யம் என்று ஜெயித்தோம். என்னைத் தோளில் தூக்காத குறை.

மெடல் போட்டு முடிந்த நேரத்தில் ஒரு அம்மாள் என்னிடம் வந்தாள். இடுப்பில் சாய்ந்து நொண்டிக்கொண்டு அந்த ஏழாம் நம்பர் பெண்.

"யோவ், நீ சந்தியா வூட்டுக்காரன்தான? நான் கமலம்மா. பள்ளிப்பட்டு ஆஸ்பத்திரியில சந்தியாவுக்குப் பக்கத்து கட்டிலு. உன் மூஞ்சி மறந்துகூடப் போச்சு, நீ கத்தன பேருதான் காதுல வுழுந்துச்சு. பிரித்திகான்னு பேரு எட்த்துக் குட்த்ததே நான்தான்யா! எம் பெரிய பொண்ணும் உம் பொண்ணும் மூணு நாள் வித்தியாசம். அவ வயசு தாண்டிடுச்சின்னு வூட்ல அழுதுக்கினு குந்தியிருக்கா. உம் பொண்ணு மட்டும் எப்படிய்யா இங்க ஆடுது?"

நான் என்ன செய்தேன் தெரியுமா? "மீரெவரோ நாகு தெலீதண்டி" என்றேன். நீங்கள் யார் என்றே எனக்குத் தெரியாது என்று, தமிழே அறியாதவன் போலத் தெலுங்கில் சொன்னேன். எல்லையில் பிறந்தவனுக்கு ஒளிந்துகொள்ள ஒரு பாஷை எப்போதும் மிச்சம் இருக்கும். கமலம்மா என்னை மேலும் கீழும் பார்த்தாள். நேராகப் போட்டி நடத்துகிறவர்களின் மேஜைக்குப் போனாள். தமிழ்நாட்டுச் சர்ட்டிபிகேட்டைப் போனிலேயே எடுத்துவிடலாம். ஊர், தேதி, அம்மா பெயர் எல்லாம் அவளுக்குத் தெரியும். நாங்கள் போட்டோ எடுத்து முடிப்பதற்குள் எடுத்துவிட்டார்கள்.

மேஜைக்குப் பின்னால் இருந்த பெரியவர் இரண்டு காகிதத்தையும் வைத்துக்கொண்டு பிரித்திகாவைக் கூப்பிட்டார். "நீ புட்டின ரோஜு ஏதம்மா?" என்று அவள் பிறந்த நாளைக் கேட்டார். வேதாச்சலம் என் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு நாலு அடி தள்ளி நின்றுகொண்டார். பிரித்திகா என்னைப் பார்த்தாள். நான் பத்து விரலையும் விரித்து, அக்டோபர், அக்டோபர் என்று வாயசைத்தேன்.

"நவம்பர் ஒன்பது. ரெண்டாயிரத்துப் பதினொண்ணு" என்றாள்.

சொல்லிவிட்டு மெடலைக் கழற்றி மேஜை மேல் வைத்தாள். யாரும் கேட்கவில்லை, அவளாகவே வைத்தாள். கோப்பை நகரிக்குப் போயிற்று. பிரித்திகாவுக்கு ஒரு வருஷம் தடை. ஹாஸ்டல் ஆட்கள் நோட்டை மூடிக்கொண்டு காரில் ஏறினார்கள். அவள் அந்த ஏழாம் நம்பர் பெண்ணிடம் போய் ஏதோ சொன்னாள். என்ன சொன்னாள் என்று இன்றுவரை எனக்குச் சொல்லவில்லை.

அப்பாவே கொடுத்த பேப்பர், எனக்கென்ன தெரியும் என்று வேதாச்சலம் கையைக் கழுவிவிட்டார். என்னோடு சேர்ந்து கை தட்டிய பெற்றோர்கள் குரூப்பில் என்னைக் கிழி கிழி என்று கிழித்தார்கள். சந்தியா போனில் அதையெல்லாம் பிரித்திகா படித்தாள். படித்துக்கொண்டே மேலே போய், அந்தச் சனிக்கிழமை வரைக்கும் போய்விட்டாள். போனை எடுத்து வந்து என் முன்னால் பிடித்தாள்.

"சாரு ஷிப்ட்டு மாறிப் பூட்டாருன்னு சொன்னியே நைனா."

அவளிடம் ஒளிந்துகொள்ள எனக்கு எந்தப் பாஷையும் மிச்சம் இல்லை.

ஜெபகுமாரைத் திரும்ப அழைக்க வேண்டும் என்று குரூப்பில் முடிவெடுத்தார்கள், கேட்க வேண்டியவன் நான் என்றும் முடிவெடுத்தார்கள். சாயந்திரம் வண்டி ஷெட்டில் நின்றதும் கடைசி சீட்டு வரை நடந்து போனேன். காலில் விழவும் தயாராகத்தான் போனேன். அவர் என் கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

"உங்க மேல கோவம் இல்லண்ணேன்னு சொன்னா பொய். கீது. ஆனா அதுக்காவ வர மாட்டேன்னு சொல்லல. அந்தப் பேச்சு ஒரு தபா வந்துட்ச்சு பாருங்க, இனிமே நான் கிரவுண்டுல நின்னா பாக்கறவனெல்லாம் அந்தப் புள்ளைங்கள ஒரு மாரி பாப்பான். அதுங்க இன்னாண்ணே பண்ணுச்சு? வாணாம். வுட்ருங்க."

கௌசிகா அம்மா அதற்குப் பிறகு கடைத்தெருவில் சந்தியாவைப் பார்த்தால் எதிர்ப்பக்கம் போய்விடுகிறார். டீம் கலைந்துவிட்டது. இரண்டு பெண்களுக்கு வீட்டில் ஆட்டமே வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். காரணமாகச் சொன்னது என்னுடைய அந்த ஒரு வரியைத்தான்.

பிரித்திகா விடவில்லை. ஞாயிறு காலையில் தானே எழுந்து, ஷூவைக் கையில் எடுத்துக்கொண்டு அந்த மைதானத்துக்குப் போகிறாள். முதல் வாரம் நானும் வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

"நீ வராத நைனா."

"கத்த மாட்டேன்டி. சாரு போடுவாரே அந்தக் கோடு, அதுக்குப் பின்னால நிக்கிறேன்."

"அந்தக் கோடு இப்ப இல்ல. நீ வூட்லயே இரு."

அழிந்த கோட்டுக்குப் பின்னால் நிற்கக்கூட எனக்கு இடம் இல்லை. சாவியை ஆணியில் மாட்டிவிட்டு உட்கார்ந்தேன்.

போன வாரம் பஸ்ஸில் எல்லாரும் இறங்கிய பிறகு ஜெபகுமார் படியில் நின்றார். ஷெட்டில் பேசிய அன்றைக்குப் பிறகு "தேங்ஸ்ணே" தவிர முதல் தடவையாக ஒரு வார்த்தை.

"பாப்பா ஓடுதாண்ணே?"

ஓடுகிறாள் என்று பார்த்தவன்தான் சொல்ல முடியும். நான் பார்க்கவில்லை. மைதானத்துக்கு எதிரே டீக்கடை வைத்திருப்பவர் சொல்லித்தான் எனக்கே தெரியும்.

"ஓடறாளாம் சார்" என்றேன்.